தம்பெரேயில் ஒரு பங்காளி

ரெட்டியார்பாளையம்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மதியம்.

அன்புள்ள வெற்றிக்கு அம்மா எழுதுவது.

இங்கு நான், அப்பா, உன் தங்கை ஹேமா மூவரும் உயிரோடு நலம். நீயும் அங்கு உயிரோடு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வழக்கமாக உயிரோடு என்று யாரும் எழுதுவதில்லை, அது சொல்லாமலே இருக்கும். இந்த வருஷம் நம் வீட்டில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் காது அடைப்பு சரியாகிவிட்டதா. குல்லாய் போடாமல் வெளியே போகாதே. இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்பார், இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்து நானே படம் பிடித்து அனுப்புவேன். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால், என் கட்டைவிரல் விழுந்திருந்தால், பொறுத்துக்கொள்.

போன மாதம் அப்பா உன்னைக் கூப்பிட்டு, ஃபின்லாந்தில் நீ இருக்கிற தம்பெரேயிலேயே ஒரு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வரச் சொன்னார். செத்தவர் பனிமலையில் சறுக்கி வந்து ஆகாயத்தில் தாவுகிற விளையாட்டுக்காரர், பெயர் கனாலா. அவர் யாரென்றே தெரியாதேப்பா என்றாய். தெரியாதவங்க வீட்டுக்குத்தான்டா துக்கம் கேக்கப் போவணும், தெரிஞ்சவங்க வீட்டுக்கு சும்மாவே போவலாமே என்றார் அப்பா. நீ கொஞ்சம் பொறுமையாகவே சொன்னாய், கனாலான்னா இந்த ஊரு பாஷையில கோழிக்கொட்டாய்ப்பா என்று. அப்பா யோசித்தார். நம்ம கனகசபை தாத்தா கோழி வெச்சிருந்தவர்தானே என்றார். நீ போனை வைத்துவிட்டாய். பிறகு ஹேமாவுக்கு எழுதி, அப்பாவுக்குப் புத்தி ஏதும் பிசகிவிட்டதா என்று கேட்டாயாம். பிசகவில்லை. பிசகியிருந்தால் எனக்கு வேலை சுலபம், மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன். முதலிலிருந்து சொல்கிறேன். ஹேமாவின் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

இனியவனை நீ போனில் பார்த்திருக்கிறாய். சேதராப்பட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் இருக்கிறான், மூக்கு கொஞ்சம் பெரிசு, குறை சொல்ல வேறொன்றும் இல்லை. அவன் அம்மா சுமலதா, வில்லியனூர், தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவர், வாய் உண்டு, மனசும் உண்டு. ஹேமாவும் இனியவனும் தாங்களே பேசி முடிவு செய்த பின்புதான் எங்களிடம் வந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆனியில் முகூர்த்தம் என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றினோம். பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. ஹேமா புடவை எடுக்கப் போய் மூன்று கடை ஏறி ஒன்றும் எடுக்காமல் வந்தாள், அதாவது மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

நம் வீட்டுக்கு வருகிற பேப்பரில் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, கடைசிப் பக்கம் முழுக்க, முந்தின மாதம் உலகத்தில் காலமான பேர்பெற்றவர்களைப் போடுகிறார்கள். சின்ன எழுத்து. பெயர், நாடு, செய்த தொழில், அடைப்புக்குள் வயது. நான் முன்பு அதை அலமாரித் தட்டில் விரிக்க வைத்துக்கொள்வேன். இந்த வருஷம்தான் படிக்க ஆரம்பித்தேன். பெரியவர் சிறியவர் என்று வரிசை இல்லை. செத்த வரிசை. ஒரு பேராயரை ஒட்டி ஒரு மல்யுத்தக்காரர். அவருக்குக் கீழே மடக்கு நாற்காலியில் ஏதோ ஒரு வகையைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர். பெரு நாட்டு மந்திரி, பல்கேரியாவில் பொம்மலாட்டம் ஆட்டிய அம்மாள், உருகுவேயில் பந்து பிடித்தவர். உயிரோடு இருந்தபோது இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே வழியில்லை. இப்போது தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பஸ்ஸில் நிற்பதுபோல. எதனால் செத்தார் என்று சிலருக்குப் போடுகிறார்கள். யார் அழுதார்கள் என்று ஒருவருக்கும் போடுவதில்லை.

அந்தப் பக்கத்தில்தான் அப்பா முதல் ஆளைக் கண்டுபிடித்தார். ரெயூனியோன் தீவு. வானொலியில் வெகுகாலம் மழை, புயல் செய்தி வாசித்தவர். பெயர் கனகசபே (81). அப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர், கனகசபை, நம் கரையிலிருந்து கப்பல் ஏறி அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர், திரும்பவில்லை. அது உனக்கும் தெரியும். அவரைப் பற்றி நம் குடும்பத்துக்குத் தெரிந்தது அவர் போனார் என்பது மட்டும்தான். கோழி வைத்திருந்தாரா என்பது தெரியாது. அப்பாவோ நொத்தேர் ஆபீசில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கியே ஓய்வு பெற்றவர். ஒரு தமிழ்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் எப்படியெல்லாம் முறுக்கிக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துக் கண்ணாடி மாற்றியவர். கப்பல் ஏறினா மொதல்ல நனையறது எழுத்துதான் ராஜாம்பா, சபை சபேன்னு ஆயிருக்கு, அவ்ளோதான் என்றார். இறங்கிய இடத்தில் பெருகிய பிள்ளைகள், பேரன்கள், அதில் ஒருவர். ஆகவே பங்காளி. பங்காளி சாவு என்றால் தீட்டு. தீட்டில் தாலி கட்ட முடியாது. அய்யரைப் போய்க் கேட்டேன். தூர தேசத்துச் சாவு நாள் கழிச்சு காதுல விழுந்தா கொறைச்சல்தாம்மா, மாசக்கணக்கா ஆயிட்டா ஒரு முழுக்கு போட்டா தீந்துது, காதுல விழாத வரைக்கும் யாருக்கும் தீட்டே கெடையாது என்றார். வந்து சொன்னேன். அப்பா பேப்பரை நீட்டினார். அந்த மனிதர் மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு முகூர்த்தத்தைக் கெடுப்பதற்கென்றே செத்திருந்தார். காதுல விழுந்துடுச்சே என்றார் அப்பா. மாசம் முடியட்டும் என்றார். மாசம் முடிந்தால் ஆடி.

உழவர்கரை கமலக்கண்ணன் சித்தப்பாவை நினைத்துத்தான் எனக்குச் சிரிப்பு. பங்காளி என்றால் அவனுக்கும்தானே தீட்டு. புது வீடு கட்டி, குடிபோக நாள் பார்த்திருந்தான். அப்பா போனில், கமலா, நம்ம பெரியவரு ஒருத்தரு தவறிட்டாருடா என்றார். அவன் எந்தப் பெரியவர் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை, உடனே முடிவெட்டுகிற கடைக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, வண்டியில் இங்கே வந்து இறங்கி வாசலில் நின்று பார்க்கிறான், ஒரு சேர் இல்லை, ஒரு ஆள் இல்லை. அண்ணி, பாடி எங்க என்றான். ரெயூனியோன்ல என்றேன். அவன் மேலுதட்டைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். என்ன சீக்காம் என்று மட்டும் கேட்டான். போடலைப்பா என்றேன்.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும், அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். மழை சொன்னவர் என்று வடையும் டீயும் வைத்தேன். மொட்டை மாடியில் காக்காய் வரவில்லை. பக்கத்து வீட்டு மாடிக்கு வருகிறது, அங்கே வைத்த அப்பளத்தைத் தின்கிறது, நம் பக்கம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகிறது. கமலக்கண்ணன், காக்காவுக்கே ஆளு யாருன்னு வெளங்கலண்ணே என்றான். அப்பா அவனை முறைத்தார். சுமலதாவும் வந்திருந்தார். முறைப்படி வந்து, முறைப்படி என் கையைப் பிடித்து அழுது, முறைப்படி போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போனார். அழுகை நிஜமாகவே வந்தது அவருக்கு. சம்பந்தி வீட்டுத் துக்கம் என்று நம்பித்தான் வந்தார்.

ஆவணிக்கு மறுபடி நாள் பார்த்தோம். பட்டியலில் பிரான்சின் மர்சேய் நகரத்து மேடைப் பாடகி ஒருவர் வந்தார், கனகா. இந்தத் தடவை நான் விடவில்லை. பொம்பளைதானே, கல்யாணம் ஆயிருந்தா வேற வீடு, நமக்குத் தீட்டு கெடையாது என்றேன். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். மூன்று முறை மணமாகி மூன்று முறையும் விவாகரத்து ஆனவர் என்று போட்டிருந்தது. மூணு தடவ பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டா, பாவம், அப்ப அவ நம்ம வீட்டுப் பொண்ணுதான் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன்னிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கும் அந்தப் பெண்மேல் ஒரு இரக்கம் வந்துவிட்டது. கமலக்கண்ணன் மட்டும், அண்ணே நா மீசை எடுக்க மாட்டேன், இப்பத்தான் லைட்டா வந்திருக்கு என்றான். புது வீட்டில் சாமி படம் மாட்டவும் முடியாமல், இருக்கிற வீட்டைக் காலி செய்யவும் முடியாமல், சாமான் மூட்டைகளுக்கு நடுவே அவன் குடும்பம் தூங்கியது. ஹேமா அப்போதுதான் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினாள். ஏம்ப்பா, மர்சேய் வரைக்கும் போறியே, இங்க கனகசெட்டிக்குளம் இருக்கு, பஸ்ஸு ஏறினா போயிடலாம், அங்க தெனம் யாராச்சும் சாவறாங்க, அவங்கள்லாம் நமக்கு ஒண்ணும் ஆவாதா என்றாள். அது ஊரு பேரும்மா என்றார் அப்பா, கொஞ்சமும் அசையாமல்.

மூன்றாவது ஆள்தான் உன் ஊர் கனாலா. ஐப்பசிக்கு நாள் குறித்திருந்தோம். எழுத்து இவ்ளோ நனையுமா என்று கேட்டேன். ஃபின்லாந்து எவ்ளோ தூரம் தெரியுமா என்றார். ஊரு பேர்லயே தம்பி இருக்கான் பாரு, தம்பெரே, என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படையலுக்கு என்ன வைப்பது என்று நான் நின்றபோது, ஹேமா கடைக்குப் போய் வெனிலா ஐஸ்கிரீம் கப் ஒன்று வாங்கி வந்து இலையில் நட்டநடுவே வைத்தாள். பனியில இருந்தவர் இல்ல, அதான் என்றாள். அவள் கோபத்தில் செய்தாள். அப்பா அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு எவ்வளவு பொறுப்பு பார் என்றார். கற்பூரம் காட்டுவதற்குள் ஐஸ்கிரீம் இலையெங்கும் ஓடி சாதத்தில் கலந்தது. பூனை வந்தது. இனியவன் வேறு. அவனும் அந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டான். ஹங்கேரில கணக்கு வாத்தியார் ஒருத்தர் போயிட்டாரு, பேரு கனவரியாம், மாமாவுக்கு வேணுமான்னு கேளு என்று ஹேமாவுக்குச் செய்தி அனுப்புகிறான். அவள் சிரிப்பாள் என்று நினைத்து அனுப்புகிறான். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

தாம்பாளம் ஒன்றுமில்லாமல் சுமலதா போன வாரம் வந்தார். நேராக அப்பா எதிரில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டு போனேன், தொடவில்லை. சம்பந்தி, மூணு தடவ துக்கத்துக்கு வந்துட்டேன், மூணு தடவையும் போட்டோ எங்கன்னு தேடினேன், உங்க வீட்ல செத்தவங்க ஒருத்தருக்கும் மூஞ்சி இல்ல என்றார். கார்த்திகையில கடைசியா ஒரு நாள் பாத்திருக்கேன், அத விட்டா மார்கழி, தை பொறந்தா நா வேற எடத்துல கேக்கறதா இருக்கேன், எம்புள்ள ஒத்துக்க மாட்டான், ஆனா அவன் எனக்குப் பயப்படுவான் என்றார். உள்ளே ஹேமா எதையோ கீழே போட்டாள். அப்புறம் சுமலதா கொஞ்சம் இறங்கி வந்து, நெஜமாத்தான் கேக்கறேன், இந்த உலகத்துல உங்களுக்கு உசுரோட இருக்கற சொந்தம் ஒண்ணாச்சும் இருக்கா என்றார்.

ஒருத்தன் இருக்கான் என்றார் அப்பா. ஃபின்லாந்துல.

சுமலதா கெட்டிக்காரர், அவருக்கு முதலில் புரிந்தது. பொரி போடத்தான, கமலக்கண்ணனோட புள்ள நிலவன் இருக்கானே, அவனும் அண்ணன் மொறதான என்றார், மெதுவாக. ஹேமா வெளியே வந்தாள். ப்பா, கல்யாணம் ஆயிட்டா நா வேற வீடு, எனக்கு இந்தத் தீட்டு எதுவும் ஒட்டாது, அம்மா சொன்னப்ப நீயும் ஒத்துக்கிட்டதான, அப்ப மொதல்ல கட்டிக் குடுத்துடு, அதுக்கப்புறம் உலகமே செத்தாலும் எனக்கு ஒண்ணும் ஆவாது என்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு மூலக்குளம் பக்கம் நடக்கப் போய்விட்டார். குடை எடுக்கவில்லை.

அவர் வருகிற வரை நான் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஆனி முகூர்த்தத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டு, இந்த மாசம் முடியாதுப்பா அடுத்த மாசம் கட்டாயம் என்றாய். மறுநாள் காலைப் பேப்பரில் வானொலிக்காரர் செத்தார். ஆவணிக்கும் அதையே சொன்னாய், பாடகி போனாள். ஐப்பசிக்கும். அந்தப் பக்கம் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆட்கள் எப்போதும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அப்பா அதை விரித்தது நீ போனை வைத்த பிறகு. பெண்ணின் அண்ணன் கையால் அக்கினியில் பொரி விழ வேண்டும், அந்தக் கை அடுத்த மாதம் வரும், அதுவரை கல்யாணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பையனுக்காகப் பொறுத்திருக்கிறேன் என்று சம்பந்தியிடம் சொல்ல முடியாது, எத்தனை மாதம் என்பார். உன்னிடம் எப்போதுதான் வருவாய் என்று கேட்கவும் முடியாது, நீ உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது. சாவு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நம் வீட்டில் அந்த மாதம் சாவு இல்லை. உலகத்தில் இருந்தது.

உன் அனுமதி அட்டை இன்னும் புதுப்பித்து வரவில்லை, அது வராமல் வெளியே கிளம்பினால் திரும்ப உள்ளே போக முடியாது, வேலை போய்விடும் என்று ஹேமாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரிடம் நீ அடுத்த மாசம் என்கிறாய், அவர் மனசு கஷ்டப்படக்கூடாது என்று. நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் உன்னுடைய ஒவ்வொரு அடுத்த மாசத்துக்கும் இங்கே ஒருவர் சாக வேண்டியிருக்கிறது கண்ணா. நீ இதை யோசித்திருக்க நியாயம் இல்லை.

இந்த ஒன்றாம் தேதி நான் அவருக்கு முன்னால் எழுந்து, வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து, கடைசித் தாளை மடிப்போரமாகக் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தை அவர் நாற்காலியில் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். முதலிலிருந்து படித்தார். உள்ளூர், மாநிலம், விளையாட்டு. பேப்பர் கொஞ்சம் மெலிந்திருந்ததைக் கையால் நிறுத்துப் பார்த்ததுபோல் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். நான் அடுப்படியில் நின்றேன். நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா என்றார், என்னைப் பார்க்காமல். இல்ல என்றேன். நல்லா பாத்தியா என்றார். பாத்தேன் என்றேன். பேப்பரை மடித்தார், மடித்ததையே மறுபடி மடித்தார். அந்தத் தாள் எங்கே என்று கேட்கவில்லை. சரி, வில்லியனூருக்குச் சொல்லி அனுப்பு, கார்த்திகையிலயே வெச்சுக்கலாம், பொரி நிலவன் போடட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிகிட்ட சொல்லு, வர முடியலன்னா முடியலன்னு சொல்லச் சொல்லு, அதுக்குத் தீட்டு கெடையாது என்றார். பிறகு கமலக்கண்ணனைக் கூப்பிட்டு, மீசையை நல்லா வளத்துக்கடா, கல்யாணத்துல நீதான் முன்னால நிக்கணும் என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று தெரியாது, அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே அப்பாவைக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்லாதே, அவர் காதில் மட்டும் சொல்லு. வர முடியாது என்று சொல்லு. ஏன் என்றும் சொல்லு, அட்டை, ஆபீஸ், வேலை, எல்லாம். பத்திரம் பார்த்தவர், காகிதத்துக்காகக் காத்திருப்பது அவருக்குப் புரியும். அடுத்த மாசம் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அவர் திட்டினால் கேட்டுக்கொள். திட்டாமல் சாப்டியாடா என்று கேட்டாலும் கேட்டுக்கொள், அதுதான் கஷ்டமாக இருக்கும்.

இனி எழுதப் போவதை, ஒருவேளை அட்டை வந்து நீ புறப்படுவதாக இருந்தால், படிக்காதே. இங்கேயே நிறுத்திவிடு. வரவில்லை என்றால் படி. அந்தத் தாளில் ஒருவர் இருந்தார். குவாதலூப் தீவில் நாடக மேடைகளுக்கு விளக்கு போட்டுக்கொண்டிருந்தவர், பிறந்தது ரெயூனியோன் என்று போட்டிருக்கிறது, வயது 77. பெயர் கனகசபை. ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே. அப்பா தேடிய ஆட்களிலெல்லாம் இவர் ஒருவர் நிஜமாகவே நம்மவராக இருக்கலாம், அவர் தேடுவதை நிறுத்திய மாதத்தில் வந்திருக்கிறார். தாளை மடித்து என் பழைய பட்டுப்புடவைக்குள் வைத்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, ஹேமா அவள் வீட்டில் பால் காய்ச்சிய பிறகு அப்பாவிடம் கொடுப்பேன். அதற்குள் மாசமும் ஆகிவிடும், காதில் விழுந்ததும் ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்தது. அய்யர் சொன்னதுதான். என் காதில் விழுந்துவிட்டது, அதை நான் அன்றைக்கே தலைக்குக் குளித்துக் கழித்தேன், கழியாத மிச்சத்தைத் தெய்வம் என்னிடமே கேட்டுக்கொள்ளட்டும், பெண்ணிடம் கேட்க வேண்டாம். ஆனால் ஒரு மனிதர் செத்ததை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. மாவு கரைக்கும்போதும் கல்யாண மாலைக்குச் சொல்லும்போதும் அந்த விளக்குப் போடுகிற மனிதர் கூடவே நிற்கிறார். இங்கே யாரிடம் சொன்னாலும் அவர்களுக்குத் தீட்டு வந்துவிடும், கல்யாணத்தில் நிற்க முடியாது. அதனால் கல்யாணத்துக்கு வராத ஒருவனிடம்தான் சொல்ல முடியும் என்று ஆயிற்று. நம் குடும்பத்தில் அப்படி நீ ஒருவன்தான் இருக்கிறாய். படித்துவிட்டாய் இல்லையா. தலைக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொள். வெந்நீரில் ஊற்று.

எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. நூறு வயசு இரு, யாருக்கும் தெரியாத ஆளாகவே இரு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிட மறக்காதே.

உன் அம்மா,
தெ. ராஜாம்பாள்